சிரிப்பூட்டிய செவ்விசை

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறுகிறவர்கள் காவலூரில் வானாய்வுக் கூடத்தைக் கண்டிருப்பார்கள். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதை 1977 மார்ச்சில் கண்டுணர்ந்த உலகின் சில இடங்களுள் அம்மலையும் ஒன்று. அந்தக் கோளை 1781-இல் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலோ, அப்போது இங்கிலாந்தின் பாத் நகரில் இசைத்தொழில் செய்து வாழ்ந்தவர். பின்னாளில் அவருடைய மாபெரும் தொலைநோக்கியைக் காண 1792 ஜூனில் வந்த விருந்தினர் ஒருவர், அதன் அளவைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டார். அவர்தாம் ஆஸ்திரிய இசை மேதை யோசப் ஹைடன். வானத்தை விட்டுவிட்டு இனி இவரைப் பின்தொடர்வோம். முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்க வேண்டியது என்று எண்ணப்படும் ஐரோப்பியச் செவ்விசையில் சபையைச் சிரிக்கவைத்த முன்னோடி அவர்.

இசை குறித்து நம் மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை வாசகர்கள் அறிவார்கள். அந்த ஆய்வுக்குள் இக்கட்டுரை புகவில்லை. வாயால் சொல்ல முடியாத ஒன்றை நகைச்சுவையால் எவ்வாறு சொல்ல முடிந்தது என்பதே இங்குப் பேச்சு.

ஹெர்ஷலைக் காணச் சென்ற அதே 1792-இன் மார்ச் மாதத்தில் ஹைடன் லண்டனில் ஒரு புதிய சிம்பொனியை அரங்கேற்றினார். அதன் இரண்டாம் பகுதி தாலாட்டுப் போல மெல்லத் தொடங்குகிறது. இன்னும் மெல்லத் திரும்ப ஒலிக்கிறது. கேட்பவர் கண் செருகும் வேளையில் முரசோடு சேர்ந்து வாத்தியங்கள் அனைத்தும் ஒரே அடியாக அதிர்கின்றன! உறங்கும் சீமாட்டிகளை எழுப்பவே அவ்வாறு செய்தார் என்றொரு கதை உண்டு. ஹைடனோ தம் வரலாற்றை எழுதியவரிடம் அதை மறுத்தார். அவருடைய மாணவர் பிளேயல் அவ்வாண்டு அதே நகரில் போட்டிக் கச்சேரிகள் நடத்திவந்தார். ஆகவே புதுமையாக ஏதேனும் செய்து மக்களை வியப்பில் ஆழ்த்த விரும்பினாராம். யுரேனஸ் கண்டறியப்பட்ட 1781-இல் அவர் இயற்றிய நால்வர் இசையொன்று இன்னும் குறும்பானது. முடிந்தது போல் நிற்கும், கைதட்ட எழுவோம், மீண்டும் தொடங்கும், மறுபடி நிற்கும். உண்மையில் எப்போது முடிந்தது என்று அறியாமல் சபை விழிக்கும்.

இந்தக் குறும்பு மரபு 1956 நவம்பர் 13 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு திருவிழாவாகவே அரங்கேறியது. நடத்தியவர் ஜெரார்டு ஹாஃப்னுங். பெர்லினில் 1925-இல் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த கேலிச்சித்திரக்காரர். அன்று தூசி உறிஞ்சும் பொறிகள் மூன்று, தரை மெருகேற்றும் பொறி ஒன்று, துப்பாக்கிகள் நான்கு ஆகியவற்றைப் பக்கவாத்தியமாக்கி மால்கம் ஆர்னால்டு ஓர் இசைக்கோவை அமைத்தார். மேற்சொன்ன ஹைடனின் சிம்பொனியும் மேலும் பல ‘அதிர்ச்சிகள்’ சேர்க்கப்பட்டு இசைக்கப்பட்டது. ஆனால் யாவற்றினும் சிறந்தது டென்னிஸ் பிரெய்னின் பங்களிப்பு. கொம்பு வாத்தியத்தில் அந்நாளில் அவருக்கு நிகர் அரிது. அவர் மேடையேறியபோது கையில் இருந்தது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய்! தந்தி வாத்தியக் குழு சூழ, லியோபோல்டு மோசார்ட் இயற்றிய இசையின் ஒரு பகுதியை அக்குழாயிலேயே ஊதினார். குழாயைக் கத்தரித்துச் சுருதியும் சரிசெய்தாராம். கொம்பில் ஒலிப்பது உதட்டின் துடிப்பால் அதிரும் உள்காற்றுதான். அதன் நீளமே சுருதியின் ஆதாரத்தை முடிவு செய்கிறது. எனவே ரப்பரும் பாடும். ஆனால் யார் ஊதினாலும் பாடிவிடாது. மறு ஆண்டிலேயே, தம் 36-ஆம் வயதில், பிரெய்ன் கார் விபத்தில் மறைந்தார்.

இவ்வகைக் கச்சேரிக்கு ஏற்ற இன்னொரு வாத்தியம் ரெக்கார்டர். பெயரைக் கேட்டதும், ஒரு காலத்தில் சபர் போய்த் திரும்பியவர்கள் பெட்டியில் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் நினைவுக்கு வரும், இது வேறு. நம் புல்லாங்குழலைப் போல் பக்கவாட்டில் பிடிக்காமல், ஊதலைப் போல் முனையில் வாய் வைத்து ஊதும் மரக்குழல். மேலே ஏழு துளைகள், கட்டைவிரலுக்குப் பின்னால் ஒன்று. மேலைநாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் பிளாஸ்டிக்கில் செய்ததை வைத்துக்கொண்டு வீட்டாரின் காதைத் துளைப்பார்கள். பலமாக ஊதினால் ஒலி மட்டும் பெருகாது, சுருதியும் ஏறிப்போகும். அதுதான் அதன் தொல்லை. ஹைடன் காலத்தில் ஏறத்தாழ வழக்கொழிந்த இக்குழல் இருபதாம் நூற்றாண்டில் மீண்டெழுந்தது. இங்கிலாந்தில் 1997-இல் தோன்றிய ‘ரெட் பிரீஸ்ட்’ என்னும் சிறு குழுவில் பியர்ஸ் ஆடம்ஸ் இதையே மின்னல் வேகத்தில் ஊதி, நாடக பாணியில் அவையை மகிழ்விப்பவர். பிள்ளை விளையாட்டு என்று நினைத்த குழலிலிருந்து விவால்டியின் இசை பொழியும்போது எழும் சிரிப்பில் பாதி வியப்புதான்.

நம் பக்கத்திலும் இது புதிதன்று. குன்னக்குடி வைத்தியநாதன் (1935–2008) வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவில் துணையோடு வயலின் வாசிக்கும்போது பறவையும் விலங்கும் வில்லிலிருந்து குரல் கொடுக்கும். சினிமாப் பாட்டும் வந்துவிடும். வித்துவான்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பின் வரிசையில் தரையில் அமர்ந்து கேட்டவர்கள் சுளிக்கவில்லை. ராகத்தின் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் அதை வளைத்துக் காட்டினால்தான் நகைச்சுவை. கற்காதவர் வளைத்தால் அது வெறும் அபசுரம்.

இனி 1772-க்குச் செல்வோம். ஹைடன் அப்போது ஹங்கேரியின் பெருஞ்செல்வரான நிக்கோலஸ் எஸ்டர்ஹாசி கோமகனின் ஊழியர். மேதையானாலும் சேவகச் சீருடை அணிந்து, அன்றாடம் இருவேளை முன்கூடத்தில் நின்று உத்தரவு கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கோமகன் கோடைக்கால அரண்மனையை விட்டுக் கிளம்ப மனமின்றி மாதங்களை நீட்டிக்கொண்டே போனார். இசைஞர்களின் மனைவி மக்களோ தொலைவில், ஐசன்ஸ்டாட் நகரில். அவர்களை அரண்மனைக்கு அழைத்துவரவும் தடை. ஹைடனுக்கும் வேறு மிகச் சிலருக்கும் மட்டுமே அதில் விலக்கு.

விடுப்புக் கேட்டு முதலாளியின் முன் நின்று, கேட்க வந்ததைக் கேட்காமலே அறைக்குத் திரும்பிய சபராளிகள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அந்த இசைஞர்களின் நிலையை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாய்விட்டுக் கேட்டால் வேலை போகும். ஆகவே தம் தலைவர் ஹைடனிடம் முறையிட்டார்கள். அவர் மனு எழுதவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார்.

அதன் இறுதிப் பகுதி புயலாக விரைந்து, முடியப்போகும் தறுவாயில் திடீரென நின்று, மெதுவான வேறொரு இசையாக மாறுகிறது. ஓபோ ஊதுபவர் ஒருவரும் கொம்பு ஊதுபவர் ஒருவரும் தம் பங்கை வாசித்துமுடித்து, முன்னிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, வாத்தியத்துடன் வெளியேறுகிறார்கள். அடுத்து பசூன்காரர். பிறகு எஞ்சிய ஓபோவும் கொம்பும். பெரிய தந்தி வாத்தியங்களும் எழுந்து போகின்றன. ஒவ்வொரு சுடராக அவிந்து மேடை இருள்கிறது. கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்லிய குரலில் இசைக்கின்றன: ஒருவர் தொமாசினி, மற்றவர் ஹைடனே. அவர்கள் இருவரும் விளக்கை அணைத்துவிட்டு எழுந்தார்கள்.

கோமகன் சினம் கொள்ளவில்லை. எல்லாரும் போகிறார்கள் என்றால் நாமும் போக வேண்டியதுதான் என்னும் பொருளில் ஏதோ சொன்னதாகக் கூறுவர். மறுநாள் அரண்மனைப் பரிவாரம் ஐசன்ஸ்டாட்டை நோக்கிப் புறப்பட்டது.