வீட்டிலிருந்து போய் வந்து படிப்பது: இலாபமா, நட்டமா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும் வெட்டுப்புள்ளிகளும் வெளிவரும் காலத்தில், என்னிடம் கணக்குப் பார்க்க வரும் வியாபாரிகள் கடைக் கணக்கை விடவும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். "தம்பி, மகனுக்கு கெம்பஸ் கிடைக்கல்ல. காசு கட்டி கொழும்புக்கு அனுப்புறதா, இல்லாட்டி சம்மாந்துறைக்குப் போய் வந்து படிக்கட்டும் என்று விடுறதா?" என்பதே பலரது கேள்வி.

கேள்வி நியாயமானது. பல்கலைக்கழக நுழைவுக்குத் தகைமை பெறுபவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கின்றது. எஞ்சியோருக்கு உள்ள வழிகளில் செலவு குறைந்தது, ஏ.ரி.ஐ. என்று நாம் அழைக்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களாகும். 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த அரச நிறுவகங்கள் தெஹிவளை, கண்டி, மட்டக்களப்பு, சம்மாந்துறை எனப் பல ஊர்களிலும் உள்ளன. முழுநேரப் பாடநெறிகளுக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

இலவசம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது வியாபாரிக்கு அழகல்ல. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, வரவை ஒரு பக்கமும் செலவை மறு பக்கமும் எழுதிப் பார்ப்போம்.

வரவுப் பக்கம்

முதலாவது, போடிங் செலவு மிச்சம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 30,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடங்களில் பத்து இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. தனியார் நிறுவனமாயின் பாடநெறிக் கட்டணம் இதற்கு மேல் வரும். அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கும் குடும்பங்களும் உள்ளன. (தெரிவு செய்யப்பட்ட அரச சார்பற்ற பட்டப்படிப்புகளுக்கென 2017 இல் அரசு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றை ஆரம்பித்தது. அந்த வழியில் போக விரும்புவோர் அதனை முதலில் விசாரிக்க வேண்டும்.)

இரண்டாவது, பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்துவிடும். வாப்பாவின் கடையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் கணக்கு எழுதலாம், கையிருப்புப் பார்க்கலாம். வகுப்பில் படிப்பதை அன்றே செய்து பார்க்கும் இந்த வாய்ப்பு விடுதியில் இருக்கும் மாணவனுக்கு எளிதில் கிடைக்காது.

மூன்றாவது, கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா போன்ற பாடநெறிகள் தொழிலை நேராக நோக்கி அமைந்தவை. கூடவே ஏ.ஏ.ரி. அல்லது பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளுக்கும் படிக்கலாம்.

செலவுப் பக்கம்

பெரிய செலவு காசு அல்ல, நேரம். அக்கரைப்பற்றில் இருந்து சம்மாந்துறைக்குப் போகும் பிள்ளை காரைதீவுச் சந்தியில் இறங்கி மற்ற பஸ் ஏற வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்துப் போக ஒன்றரை, வர ஒன்றரை என மூன்று மணித்தியாலம் என்று வையுங்கள். வாரம் ஐந்து நாள், வருடம் நாற்பது வாரம் என்றால் 600 மணித்தியாலங்கள். எட்டு மணித்தியால வேலைநாள் கணக்கில் இது 75 நாட்கள். எந்த விளம்பரத்திலும் எழுதப்படாத கட்டணம் இதுதான்.

பஸ் கட்டணமும் நிலையானதல்ல. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த கட்டணம் அதே வருடம் யூலையில் 40 ரூபாவாகியது. பின்னர் குறைந்தது உண்மைதான். ஆனால் எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் பஸ்ஸே ஓடவில்லை. சீசன் டிக்கட் இருந்தாலும் அதனைத் தனியார் பஸ்ஸில் காட்ட முடியாது.

அடுத்தது மொழி. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை இங்கு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வேண்டும். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் மாணவனுக்கு, நண்பர்களோடு அமர்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகும் நேரம் கிடைப்பதில்லை. வெளியூரில் மற்றச் சமூகத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கி சிங்களம் பழகும் வாய்ப்பும் இல்லை. கொழும்பில் தொழில் தேடும்போது இந்தக் குறை தெரியவரும்.

இறுதியாக, சான்றிதழின் பெறுமதி. கணக்கியல் டிப்ளோமா, தொழில் நியமனங்களில் வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமானது என்று 46/90 இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை கூறியது. அந்தச் சமநிலையைக் கேட்டு 2015 ஒக்டோபரில் கொழும்பு வோர்ட் பிளேஸில் மாணவர்கள் வீதியில் இறங்கியதும், பொலிஸார் அவர்களைத் தடியடி நடத்திக் கலைத்ததும் பலருக்கும் நினைவிருக்கும். எனவே அரச தொழிலே இலக்கு என்றால், அந்தப் பதவிக்கான ஆட்சேர்ப்பு விதிகளில் டிப்ளோமா ஏற்கப்படுகின்றதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு எந்தப் பக்கம்?

எனது அனுபவத்தில், போய் வந்து படிப்பவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் மிச்சமான காசையும் மாலை நேரத்தையும் ஏதோ ஒன்றில் முதலீடு செய்கிறார்கள். ஆங்கில வகுப்பு, தொழில்சார் பரீட்சை, பகுதிநேர வேலை இவற்றில் ஒன்றாவது இருக்கும். மற்ற வகையினர் மிச்சமானதை மிச்சமாகவே கரைத்துவிடுகிறார்கள். எனது அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருபவர்களிடம் ஒரு வங்கி இணக்கக் கூற்றைத் தயாரிக்கச் சொல்வேன். முதல் வகைப் பிள்ளைகள் பேனையை எடுத்து எழுதத் தொடங்குவார்கள். அவர்கள் எங்கு படித்தார்கள் என்று அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.

ஆகவே பயணம் ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கி, மிச்சமாகும் நேரத்துக்கு ஒரு திட்டமும் இருந்தால் இந்தப் படிப்பு இலாபமானது. பயணமே அரைநாளைத் தின்னுமானால், நிறுவகத்துக்கு அருகில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஓர் அறை எடுப்பது மலிவாகக்கூட அமையலாம். ஏற்கனவே தொழில் செய்பவராயின் கட்டணம் செலுத்திப் படிக்கும் பகுதிநேரப் பாடநெறியையோ, 1980 இல் இருந்து இயங்கும் திறந்த பல்கலைக்கழகத்தையோ பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கு இது நல்ல வழி. ஆனால் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தெரிவான மகளிடம், "தூரம், பக்கத்தில் உள்ளதில் படி" என்று இதனைக் காரணமாகக் காட்டுவது வேறு விடயம். அதே கடிதம் மகனுக்கு வந்திருந்தால் என்ன செய்வோம்? மகனுக்கு ஒரு பேரேடு, மகளுக்கு வேறொரு பேரேடு வைத்தால் கணக்கு ஒருநாளும் சமப்படாது.

விண்ணப்பத்தை நிரப்ப முன்னர் பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்தத் தாளை எழுதுங்கள். பயண நேரத்தை ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தே எழுதுங்கள். மூன்று நான்கு வருடங்கள் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கப் போவது பிள்ளைதான். கடைசி வரியை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.