வாடகை அரங்கம்: உரிமையாளர் திவாலானால் அணி எங்கே போகும்?

2022 டிசம்பர் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் கவென்ட்ரி சிட்டி கால்பந்து கிளப்புக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஆடிக்கொண்டிருக்கும் அரங்கத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். சீசனில் பாதிகூட முடியவில்லை. நோட்டீசுக்கு வாடகை பாக்கி காரணமல்ல. கிளப்பின் நடத்தையும் காரணமல்ல. அரங்கத்தை வைத்திருந்த நிறுவனம் நொடித்துப்போய், சொத்து வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. பழையவரோடு கிளப் போட்டிருந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று புதியவர் சொல்லிவிட்டார். அந்த ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் பத்து ஆண்டுகளுக்கென்று அறிவிக்கப்பட்டது.

ரசிகர்கள் கோல்களையும் புள்ளிப் பட்டியலையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அணி ஆடும் புல்தரை யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கடனுக்கு அடமானமாக இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கவென்ட்ரி ரசிகர்களோ இருபது ஆண்டுகளாக வேறு வழியின்றி அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சிங்கர் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1883-ல் தொடங்கிய கிளப் இது. 1967 முதல் 2001 வரை 34 ஆண்டுகள் நாட்டின் முதல் டிவிஷனில் தொடர்ந்து ஆடியது. 1987-ல் டாட்டன்ஹாமை 3-2 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. 1899 முதல் ஹைஃபீல்டு ரோடு என்ற சொந்த மைதானமும் இருந்தது. அதைவிடப் பெரிய அரங்கம் வேண்டும் என்று கிளப் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோதே, 2001-ல் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. வருமானம் சரிந்தது, கடன் கழுத்தை நெரித்தது. புது அரங்கத்தை நடத்தும் நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை கிளப் ஒரு உள்ளூர் அறக்கட்டளைக்கு விற்றது. மறுபாதி மாநகராட்சியிடம் இருந்தது. 2005-ல் 32,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ரிக்கோ அரீனா திறக்கப்பட்டபோது, அதைக் கனவு கண்ட கிளப் அதில் வாடகைக்குக் குடியேறியது.

எல்லாக் கோளாறுக்கும் வேர் அந்த நாள்தான்.

ஆண்டு வாடகை 12 லட்சம் பவுண்டுக்கு மேல். ஆட்ட நாளில் விற்கும் உணவு, பானம், வாகன நிறுத்தம் ஆகியவற்றின் வருமானமும் பெரும்பாலும் அரங்க நிறுவனத்துக்கே போனது. 2007-ல் கிளப்பை வாங்கிய சிசு என்ற முதலீட்டு நிறுவனம், 2012-ல் அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியபோது வாடகை கட்டுவதை நிறுத்தியது. வழக்குகள் தொடங்கின. 2013-14 சீசனை கிளப் சுமார் 55 கி.மீ. தள்ளியிருக்கும் நார்தாம்ப்டனில் ஆடியது. ஊரைவிட்டுப் போன அணிக்கு டிக்கெட் வாங்க மறுத்த ரசிகர்கள், அந்த மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் ஏறி நின்று ஆட்டம் பார்த்தார்கள். கிளப்பின் பழைய மேலாளர் ஜிம்மி ஹில்லின் பெயரையே அந்த மேட்டுக்கு வைத்தார்கள். 2014 செப்டம்பரில் அணி ஊர் திரும்பிய இரவில் 27,000-க்கும் அதிகமானோர் அரங்கத்தில் கூடியிருந்தனர்.

அந்த மகிழ்ச்சி சில வாரங்கள்தான் நீடித்தது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில் மாநகராட்சியும் அறக்கட்டளையும் தங்கள் பங்குகளை வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கிளப்புக்கு விற்றுவிட்டன. 1867-ல் லண்டனில் பிறந்த, இருமுறை ஐரோப்பியச் சாம்பியனான புகழ்பெற்ற அணி அது. அரங்கத்தின் குத்தகைக் காலம் 250 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. கவென்ட்ரி சிட்டியின் வீட்டு உரிமையாளர் இப்போது இன்னொரு விளையாட்டின் அணி. அதுவும் வேறு ஊரிலிருந்து வந்த அணி.

வாஸ்ப்ஸ் தன் பழைய கடன்களை அடைக்கவும் தொழிலை விரிக்கவும் 2015 மே மாதம் கடன் பத்திரங்களை வெளியிட்டது. தொகை 3.5 கோடி பவுண்ட், வட்டி 6.5 சதவீதம், முதலைத் திருப்பித்தர வேண்டிய கெடு 2022 மே. சாதாரண மக்களும் வாங்கக்கூடிய பத்திரங்கள் அவை. ரசிகர்கள் பலர் சேமிப்பைப் போட்டார்கள். இதற்கு ஈடாக வைக்கப்பட்டது அந்த அரங்கம். வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 22.75 லட்சம் பவுண்ட் தேவைப்பட்டது. இங்கிலாந்து ரக்பியில் பெரும்பாலான கிளப்புகள் நஷ்டத்தில்தான் ஓடுகின்றன. கச்சேரி, கண்காட்சி, ஓட்டல் வருமானம் கை கொடுக்கும் என்பது கணக்கு. 2020-ல் வந்த பெருந்தொற்று அந்தக் கணக்கைக் கலைத்தது. கெடு வந்தபோது பணம் இல்லை. 2022 செப்டம்பரில் வாஸ்ப்ஸ் நீதிமன்றப் பாதுகாப்பு தேடியது. வரித்துறையும் நிலுவைக்காக நெருக்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 17 அன்று திவால் நிர்வாகிகள் பொறுப்பேற்றார்கள். வீரர்களும் ஊழியர்களுமாக 167 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஒரு மாதத்தில் அரங்க நிறுவனமும் அதே வழியில் போனது.

இனி வாடகைதாரரின் நிலை. குடியிருக்கும் வீட்டை வீட்டுக்காரர் அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் வங்கி அதை விற்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, கையில் இருக்கும் காகிதம் எது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் குத்தகை என்பது நிலத்தின் மீதான உரிமை. சொத்து கைமாறினாலும் பொதுவாக அது புதியவரையும் கட்டுப்படுத்தும். பயன்பாட்டு அனுமதி என்பது வேறு. இரு தரப்புக்கு இடையேயான சொந்த ஏற்பாடு அது. ஒரு தரப்பு மறைந்தால் அதுவும் போய்விடும். கவென்ட்ரியிடம் இருந்தது அனுமதி. குத்தகையாகவே இருந்தாலும், அடமானத்துக்குப் பிறகு கடன் கொடுத்தவரின் சம்மதமின்றி எழுதப்பட்டிருந்தால் அது நிற்பது சந்தேகமே.

பிறகு ஏன் கிளப்புகள் அனுமதியோடு திருப்தி அடைகின்றன? இரண்டாம் டிவிஷன் அணி ஒன்று சீசனில் சொந்த ஊரில் ஆடுவது 23 லீக் ஆட்டங்கள். மற்ற நாட்களில் அரங்கத்தை வேறு வழிகளில் விற்கவே உரிமையாளர் விரும்புவார். ஆட்ட நாட்களுக்கு மட்டும் உள்ளே வர ஒரு அனுமதி என்பது இரு தரப்புக்கும் செலவு குறைவான ஏற்பாடு. உரிமையாளர் நன்றாக இருக்கும்வரை அதில் எந்தக் குறையும் தெரியாது.

திவால் நிர்வாகியின் கடமையும் இங்கே முக்கியம். கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு மீட்க முடியுமோ அவ்வளவு மீட்பதே அவர் வேலை. வரிசையில் முதலில் நிற்பவர்கள் சொத்தை ஈடாகப் பெற்றவர்கள். அங்கே ஆடும் அணியோ, சீசன் டிக்கெட் வாங்கிய ரசிகரோ அந்த வரிசையில் இல்லவே இல்லை. விற்பனையின்போது யார் அதிகம் தருவார், யார் சீக்கிரம் தருவார் என்பதே கேள்வி. ஊரின் அணி எங்கே ஆடும் என்பது அல்ல. எண்ணெய் வித்துத் தொழிலில் பணம் சேர்த்த டக் கிங் அந்த நேரத்தில் சிசுவிடமிருந்து கிளப்பை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தார். அரங்கத்தையும் சேர்த்து வாங்க முயன்றார். ஆனால் 2022 நவம்பரில் அது மைக் ஆஷ்லியின் ஃப்ரேசர்ஸ் குழுமத்துக்குப் போனது. விலை சுமார் 1.7 கோடி பவுண்ட், அதாவது பத்திரக் கடனில் பாதிக்கும் குறைவு. சேமிப்பைப் போட்டவர்களுக்கும் அடி, அணிக்கும் அடி.

அடி என்பது காலி செய்யும் நோட்டீசோடு முடிவதில்லை. ஆட்டத்தை நடத்த உள்ளூர் அதிகாரிகளின் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அதைப் பெற்று வைத்திருப்பது பொதுவாக அரங்கத்தை நடத்தும் நிறுவனம். விளக்கு, மின்சாரம், காவலர், புல்தரைப் பணியாளர் எல்லாம் அதன் பொறுப்பு. அது சாய்ந்தால் அடுத்த சனிக்கிழமை கதவைத் திறப்பது யார் என்ற கேள்வி எழுகிறது. சொந்த ஊர் ஆட்டத்தை நடத்த முடியாத கிளப்பை லீக் நிர்வாகம் தண்டிக்கலாம். உரிமையாளர் நொடித்துப்போனார் என்பது மட்டும் சாக்காகாது. அடுத்த சீசன் எங்கே என்று தெரியாதபோது சீசன் டிக்கெட் விற்க முடியாது, விளம்பரதாரரை உறுதியாகப் பிடிக்க முடியாது, ஒரு வீரரை மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கு அழைக்கவும் தயக்கம் வரும்.

புல்தரையின் கதி என்ன ஆகும் என்பதை அதே ஆண்டு ஆகஸ்டிலேயே கவென்ட்ரி பார்த்துவிட்டது. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளின் ரக்பி செவன்ஸ் ஆட்டங்கள் ஜூலை இறுதியில் இந்த அரங்கத்தில் நடந்தன. முடிந்தபோது தரை ஆட லாயக்கற்றதாக இருந்தது. லீக் ஆட்டங்கள் அடுத்தடுத்துத் தள்ளிவைக்கப்பட்டன. லீக் கோப்பை ஆட்டத்தை பர்ட்டன் ஊருக்குப் போய் ஆட வேண்டியதாயிற்று. அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து மேலாளர் மார்க் ராபின்ஸ் அந்த அணியை ஐந்தாம் இடத்துக்கு ஏற்றிக்கொண்டுபோனதை, அந்த சீசனின் மிகப் பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும். 2023 மே 27 அன்று வெம்பிளியில், பிரீமியர் லீக் நுழைவுக்கான இறுதி ஆட்டத்தில், லூட்டனிடம் பெனால்ட்டியில் தோற்றது. திடலில் இந்த உழைப்பு நடந்துகொண்டிருந்த சீசனின் நடுவில்தான் மேலே சொன்ன நோட்டீஸ் வந்தது என்பதை மறக்கக் கூடாது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சீசன் முடியும்வரை ஆட அனுமதி கிடைத்தது. 2023-ல் அது ஐந்தாண்டு ஒப்பந்தமானது.

உரிமையாளரின் வீழ்ச்சி எப்போதும் வாடகைதாரருக்குக் கேடு என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் நேர்மாறாக நடந்திருக்கிறது. 1980-களில் செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் நிலம் ரியல் எஸ்டேட் நிறுவனங்கள் கைக்குப் போய், அங்கே அடுக்குமாடிகள் எழும்பும் நிலை. கேப்ரா எஸ்டேட்ஸ் என்ற அந்த உரிமையாளர் 1992-ல் நிலச் சந்தைச் சரிவில் மூழ்கியது. கிளப்பின் தலைவர் கென் பேட்ஸ் தாமதிக்காமல் அதன் வங்கியோடு பேசி மைதானத்தைக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு ரசிகர்கள் பங்கு வாங்கும் ‘செல்சி பிட்ச் ஓனர்ஸ்’ நிறுவனம் உருவானது. பின்னர் நிலம் அதன் பெயருக்கு வந்தது. கிளப் இடம் மாறினால் ‘செல்சி ஃபுட்பால் கிளப்’ என்ற பெயரை எடுத்துச் செல்ல முடியாது என்பது நிபந்தனை. 2011-ல் அப்போதைய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச் நிலத்தைத் திரும்ப வாங்க முயன்றபோது 75 சதவீத வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்தது 61.6 சதவீதம். கோடீஸ்வரருக்கு எதிராக ரசிகர்களின் சிறு பங்குகள் நின்றன.

கிரிஸ்டல் பேலஸ் கதை இன்னும் நெருக்கடியானது. 2009-ல் செல்ஹர்ஸ்ட் பார்க் நிலத்தை வைத்திருந்த நிறுவனம் விழுந்தது, 2010 ஜனவரியில் கிளப்பும் விழுந்தது. கிளப் ஒரு நிர்வாகியிடம், மைதானம் இன்னொரு நிர்வாகியிடம். ஒன்றை மட்டும் வாங்கினால் பயனில்லை என்பதால் ஸ்டீவ் பாரிஷ் உள்ளிட்ட நால்வர் குழு இரண்டையும் சேர்த்தே கேட்டது. ஜூன் 1 அன்று பேச்சு முறியும் நிலை வந்தபோது, மைதானத்துக்குக் கடன் கொடுத்திருந்த லாய்ட்ஸ் வங்கியின் லண்டன் தலைமையகத்துக்கு முன் ரசிகர்கள் திரண்டார்கள். அன்றே உடன்பாடு எட்டப்பட்டது.

இந்த மூன்று கிளப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், தப்பித்தவர்களுக்குச் சட்டம் பெரிதாகக் கை கொடுக்கவில்லை என்பது தெரிகிறது. நேரத்தோடு வங்கிக் கதவைத் தட்டிய தலைவரும், தெருவுக்கு வந்த ரசிகர்களும்தான் காப்பாற்றினார்கள். அத்தகைய அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு ஊரின் நூற்றாண்டுக் கிளப்பை விட்டுவைப்பது தவறு. மாநகராட்சிகள் அரங்கத்தை விற்கும்போது, அங்கே ஆடும் அணியின் குத்தகை எந்த அடமானத்துக்கும் முந்தியதாக இருக்கும்படி பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கவென்ட்ரியில் 2014-ல் அது நடந்திருந்தால் 2022 நோட்டீசுக்கு இடமே இருந்திருக்காது.

கவென்ட்ரியில் விஷயம் ஒருவழியாக முடிவுக்கு வந்திருக்கிறது. டக் கிங்கின் தலைமையில் கவென்ட்ரி சிட்டி, 2025 ஆகஸ்டில் ஃப்ரேசர்ஸ் குழுமத்திடமிருந்து அரங்கத்தை விலைக்கு வாங்கியது. திறக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, முதல்முறையாக அந்த அரங்கம் அணியின் கைக்கு வந்தது.