முனையப் பன்மையாக்கி வழியே ஊடாட்ட நிரல்களைத் தானியக்கமாக்கல்

முனையப் பன்மையாக்கி வழியே ஊடாட்ட நிரல்களைத் தானியக்கமாக்கல் என்பது, விசைப்பலகையின் முன் ஒரு மனிதர் அமர்ந்திருப்பார் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட கட்டளைவரி நிரல்களை மற்றொரு நிரலைக் கொண்டு இயக்கும் முறை ஆகும். இயக்கும் நிரல் விசையழுத்தங்களை அனுப்பும். திரையில் தோன்றும் எழுத்துக்களைப் படிக்கும். அவற்றைக் கொண்டு அடுத்த விடையை முடிவு செய்யும். டீமக்ஸ், குனூ ஸ்கிரீன் ஆகியன இதற்குப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்கள் ஆகும். இம்முறையில் விசைகளை அனுப்புவது எளிது. நிரல் எப்போது விடையை எதிர்நோக்குகிறது என்பதைச் சரியாக அறிவதே கடினமான பகுதி ஆகும்.

தேவை

யுனிக்சு வகை இயக்குதளங்களில் ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலுக்குக் குழாய் வழியே உள்ளீடாகத் தரலாம். எனினும் எல்லா நிரல்களும் இதற்கு இணங்குவதில்லை. கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் பல, குழாயைத் தவிர்த்து முனையத்திலிருந்தே நேரடியாகப் படிக்கின்றன. விம் போன்ற உரைத்தொகுப்பிகளுக்கு முழுத் திரை தேவைப்படுகிறது. வழுநீக்கிகளும் மொழிமாற்றிகளும் ஒவ்வொரு வரிக்கும் விடை தந்து உரையாடுகின்றன.

வேறொரு சிக்கலும் உண்டு. சி மொழியின் செந்தர நூலகம், வெளியீடு முனையத்திற்குச் சென்றால் அதனை வரி வரியாக அனுப்பும். குழாய்க்குச் சென்றால் இடையகம் நிரம்பும் வரை தேக்கி வைக்கும். ஆகவே நிரல் கேட்ட கேள்வி இடையகத்திலேயே தங்கிவிடக்கூடும். இயக்கும் நிரல் கேள்விக்காகவும், இயக்கப்படும் நிரல் விடைக்காகவும் காத்திருக்க, இரண்டும் நின்றுவிடும்.

போலி முனையம்

இச்சிக்கல்களுக்குத் தீர்வாக அமைவது போலி முனையம் ஆகும். இது இயக்குதளத்தின் கருனி உருவாக்கித் தரும் ஓர் இணை முனை. ஒரு முனையில் இணைக்கப்பட்ட நிரல், தான் உண்மையான முனையத்தில் இயங்குவதாகவே கருதும். மறுமுனையில் உள்ள நிரல் அதற்கு எழுத்துக்களை அனுப்பும். அது எழுதுவதைப் படிக்கும். கன்ட்ரோல்-சி விசையை அனுப்பினால், கருனி அதனைக் குறுக்கீட்டுச் சைகையாக மாற்றித் தருகிறது. முனையப் பன்மையாக்கி என்பது இத்தகைய பல போலி முனையங்களை நிருவகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திரையை நினைவகத்தில் வைத்திருக்கும் மென்பொருள் ஆகும்.

வரலாறு

குனூ ஸ்கிரீன் மென்பொருளை 1987 ஆம் ஆண்டு பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாவ்மன், கார்ஸ்டன் போர்மன் ஆகியோர் உருவாக்கினர். 1990 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சீர்தர, தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டான் லைப்ஸ், எக்ஸ்பெக்ட் என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். இது ஜான் ஓஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிக்கிள் மொழியின் மீது அமைந்தது. ஊடாட்ட நிரல்களைத் தானியக்கமாக்குவதற்கென்றே எழுதப்பட்ட இக்கருவி, குறிப்பிட்ட சொல் வரும் வரை காத்திருந்து விடை அனுப்பும். நிக்கோலஸ் மாரியட் எழுதிய டீமக்ஸ் 2007 இல் வெளிவந்தது. 2009 இல் ஓப்பன்பிஎஸ்டி இயக்குதளத்தின் அடிப்படைத் தொகுதியில் இடம்பெற்றது.

எக்ஸ்பெக்ட் நிரலின் வெளியீட்டை எழுத்துக்களின் ஓட்டமாகவே காண்கிறது. நிறம், சுட்டியின் இடம் முதலியவற்றைக் குறிக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளும் அவ்வோட்டத்தில் கலந்திருக்கும். பன்மையாக்கியோ அக்குறிகளைத் தானே செயற்படுத்தி, மனிதர் காணும் திரையை அப்படியே உரையாகத் தருகிறது. முழுத்திரை நிரல்களுக்கு இது பெரிதும் உதவும்.

செயல்படும் முறை

டீமக்சில் மூன்று கட்டளைகள் அடிப்படையானவை.

• நியூ-செஷன்: திரையில் காட்டாமலே பின்னணியில் ஓர் அமர்வைத் தொடங்குகிறது.
• சென்ட்-கீஸ்: அமர்வுக்கு விசையழுத்தங்களை அனுப்புகிறது. என்டர் போன்ற விசைகளைப் பெயரால் குறிக்கலாம். உரையை உள்ளவாறே அனுப்ப இதற்கெனத் தனி விருப்பத்தேர்வு உண்டு.
• கேப்சர்-பேன்: அப்போதைய திரையின் உள்ளடக்கத்தை உரையாகத் தருகிறது. மேலே நகர்ந்து மறைந்த வரிகளையும் பெறலாம். இயல்பாக 2000 வரிகள் வரை சேமிக்கப்படும்.

பின்னணி அமர்வின் இயல்பான அளவு 80 நெடுவரிசைகளும் 24 வரிகளும் ஆகும். நீண்ட வரிகள் மடிந்துவிடுவதால், தேடும் சொல் இரண்டாகப் பிளவுபடக்கூடும். அமர்வைத் தொடங்கும்போதே அகலத்தைக் கூட்டுவது நல்லது.

காத்திருத்தல்

விசைகளை அனுப்பியபின் இரண்டு நொடி காத்திருக்குமாறு எழுதுவது பலரும் கையாளும் வழி. பளு குறைந்த கணினியில் இது செயல்படும். பளு மிகுந்த வழங்கியில் தவறும். முன்கூட்டியே அனுப்பிய எழுத்துக்கள் பொதுவாக மறைவதில்லை. கருனியின் வரிசையில் நின்று, அடுத்து வரும் கேள்விக்கு விடையாகிவிடும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எப்எஸ்சிகே நிரல், ஒவ்வொரு பிழையையும் திருத்தலாமா எனத் தனித்தனியே கேட்கும். அதற்குத் திரையைப் பாராமல் அனுப்பும் "ஆம்", எண்ணியிராத வேறொரு கேள்விக்குச் சென்று சேர்ந்தால் தரவு அழிய நேரும். கடவுச்சொல்லில் நிகழ்வது வேறு. அதனைக் கேட்கும் பல நிரல்கள் எதிரொலிப்பை நிறுத்தும்போது, அதற்குமுன் வந்த உள்ளீட்டை நீக்கிவிடுகின்றன. முந்தி அனுப்பிய கடவுச்சொல் திரையில் வெளிப்படுவதுடன் பயனின்றியும் போகும்.

ஆகவே குறுகிய இடைவெளிகளில் திரையைப் படித்து, எதிர்பார்த்த குறி தோன்றியபின் மட்டுமே அடுத்த விடையை அனுப்ப வேண்டும். காத்திருப்புக்கு ஒரு கால எல்லையும் தேவை. எல்லை கடந்தால் ஊகித்துத் தொடராமல் நிறுத்திவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பைத்தான் மொழிமாற்றி உள்ளீட்டிற்குத் தயாராகும்போது ">>>" என்னும் தூண்டுகுறியைக் காட்டும். இக்குறி திரையில் எங்கேனும் உள்ளதா எனத் தேடினால் போதாது. முந்தைய கட்டளையின் குறியும் திரையிலேயே இருக்கும். வெற்றாக இல்லாத கடைசி வரி அக்குறி மட்டுமே கொண்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதுபோல், அனுப்பிய எழுத்துக்களும் திரையில் எதிரொலிக்கும். "முடிந்தது" என்று அச்சிடச் சொல்லி அச்சொல்லையே தேடினால், கட்டளையின் எதிரொலிப்பே விடையாகக் கொள்ளப்படும். "6 * 7" என அனுப்பி "42" என்பதைத் தேடினால் இக்குழப்பம் இல்லை. அனுப்பியதில் அவ்வெண் இல்லையாதலால், அது கணக்கின் விடையாகவே வந்திருக்கும்.

பயன்களும் எல்லைகளும்

அமர்வு பின்னணியில் இயங்குவதால், தொலைக் கணினியுடனான இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். மனிதர் ஒருவர் அதே அமர்வில் இணைந்து நடப்பதைப் பார்க்கலாம். வேண்டுமாயின் தாமே விசைகளை அழுத்தித் திருத்தலாம். 2020களில் பெரும் மொழி மாதிரிகளைக் கொண்டு இயங்கும் நிரலாக்க முகவர்களும் இவ்வகையில் முனையங்களை இயக்குகின்றன.

சென்ட்-கீஸ் கட்டளையுடன் கடவுச்சொல்லை எழுதினால், அது சிறிது நேரம் கணினியின் செயல்பாட்டுப் பட்டியலில் பிற பயனர்களுக்குத் தெரியக்கூடும். செந்தர உள்ளீட்டின் வழியே டீமக்சின் இடையகத்தில் ஏற்றி, ஒட்டியபின் அதனை நீக்கிவிடுவது பாதுகாப்பான வழி.

நிரல் தானாகவே ஊடாட்டமற்ற முறையை வழங்கினால் அதனையே பயன்படுத்த வேண்டும். சான்றாக, ஜிடிபி வழுநீக்கிக்குத் தொகுதி முறை உண்டு. எஸ்எஸ்எச் இணைப்பில் கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் திறவிகளைப் பயன்படுத்தலாம். திரையில் தோன்றும் சொற்கள் மனிதர் படிப்பதற்காக எழுதப்பட்டவை. நிரலின் அடுத்த பதிப்பில் அவை மாறக்கூடும். எனவே வேறு வழி இல்லாத இடத்திலேயே திரையைப் படித்து இயக்கும் இம்முறை பொருத்தமானது.