முடிவு தெரிந்த கதை தரும் நிம்மதி

டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் எங்கள் கலவையில் ஒரு தனி அமைதி நிலவும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களின் வாசலில் நட்சத்திர விளக்குகள் எரியும். காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அத்தை, அந்த நாள்களில்தான் ‘பொன்னியின் செல்வ’னை மறுபடியும் எடுப்பார். வார இதழிலிருந்து தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பழைய தொகுப்பு அது. எத்தனையாவது முறை என்று கேட்டால் சிரிப்பார். ஒருமுறை, “யார் யாரை மணப்பார்கள், யார் சாவார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகு இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். “தெரிந்திருப்பதால்தானப்பா நிம்மதியாகப் படிக்க முடிகிறது” என்றார்.

ஆறுதலுக்காக வாசிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அன்றாட வாழ்வில் நாளை என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாது, கதையில் தெரியும். அதிலும் சரித்திரக் கதையில் இருமடங்கு தெரியும். அரசர்களின் முடிவை வரலாறு முன்பே சொல்லிவிட்டது. மற்றவர்களின் முடிவை முதல் வாசிப்பு சொல்லிவிட்டது. பதற்றம் நீங்கிய மனம், விரைந்து கடந்துபோன வரிகளில் இப்போது நின்று இளைப்பாறுகிறது.

ஆங்கில வாசகர்களுக்கு இதே தேவையை நிறைவேற்றும் ஒரு தனி வகை உண்டு: கிறிஸ்துமஸ் காலத்துச் சரித்திரக் காதல் கதை. கிறிஸ்துமஸையும் கதையையும் இணைத்து வாசிக்கும் வழக்கத்துக்குப் பெரும் வலுவூட்டியது 1843 டிசம்பரில் வெளியான சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’. சரித்திரக் காதல் கதைகளோ பெரும்பாலும், 1811 முதல் 1820 வரையிலான ‘ரீஜென்சி’ காலத்தையும் அதையொட்டிய ஆண்டுகளையும் களமாகக் கொள்கின்றன. பனிப்பொழிவில் சாலைகள் அடைபடும். ஒரு பெரிய மாளிகையில் விருந்தினர்கள் மாட்டிக்கொள்வார்கள். பிணங்கிய இருவர் ஒரே கூரையின் கீழ் நாள்களைக் கழிக்க நேரும். பண்டிகை முடிவதற்குள் பிணக்கும் முடிந்துவிடும். இந்த வகையில் மங்களமான முடிவு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அதை மீறும் எழுத்தாளரை வாசகர் மன்னிப்பதில்லை.

தமிழில் நாம் ஆறுதலுக்காகத் திரும்பத் திரும்பச் செல்லும் சரித்திரக் கதைகளில் இந்த ஒப்பந்தம் இல்லை என்பதுதான் வியப்பு. கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ 1941இல் தொடராகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஜப்பானியத் தாக்குதல் வருமென்ற அச்சத்தில் சென்னை மக்கள் பெருந்திரளாக உள்ளூர்களுக்குப் புறப்பட்டார்கள். அத்தகைய நாள்களில் வாசிக்கப்பட்ட அந்தக் கதை, விக்கிரமனும் குந்தவியும் இணைவதோடு நிறைவுற்றது. ஆனால், அதற்குப் பின் வந்த ‘சிவகாமியின் சபதம்’ அப்படி முடியவில்லை. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது, காதல் நிறைவேறவில்லை. சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணித்துக்கொள்கிறாள். 1950இல் தொடங்கி 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னின் இறுதியில் மணிமேகலை இறக்கிறாள். அத்தை ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனாலும் மறு டிசம்பரில் முதல் பாகத்தைத் திறப்பார்.

அப்படியானால் ஆறுதல் மங்களமான முடிவில் இல்லை. இழப்புக்குப் பிறகும் உலகம் நிலைகுலையாமல் தொடர்கிறது என்ற உறுதியில் இருக்கிறது. நம்மோடு பேசிக்கொண்டே உடன்வரும் கதைசொல்லியின் குரலில் இருக்கிறது. எங்கள் வட்டாரத்து வாசகருக்கு இன்னொன்றும் உண்டு. கல்கியின் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அந்த வாணர்களின் திருவல்லம் எங்கள் பகுதியில்தான் இருக்கிறது. கதையில் நினைவுகூரப்படும் இராசாதித்தர் 949இல் போரில் மடிந்த தக்கோலம், இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. பேருந்தின் முகப்பில் நாள்தோறும் படிக்கும் ஊர்ப்பெயர், கதைக்குள் குதிரையின் மீது வருகிறது. தோல் வாடையும் வறண்ட பாலாறுமாக மட்டுமே பிறர் அறிந்த ஒரு நிலத்துக்கு, அது சிறிய மரியாதை அல்ல.

எனினும் இந்த வாசிப்பில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கடந்த காலம் ஆறுதல் தருவதற்குக் காரணம், அதிலிருந்து பலவற்றை நீக்கிவிட்டுத் தருவதுதான். ரீஜென்சி கதைகளின் விருந்து மண்டபம் ஒளிர்ந்த காலத்துக்குச் சற்று முன்பு, 1806 ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சமயச் சின்னங்களுக்கும் தாடிக்கும் விதிக்கப்பட்ட தடையோடு, தோலாலான குஞ்சம் பொருத்திய புதிய தலைப்பாகையும் அதற்கு ஒரு காரணம். ஆங்கிலேயப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி தலைமையில் குதிரைப்படை விரைந்து வந்தது. அதைவிடப் பன்மடங்கு இந்தியர்கள் பலியானார்கள். மாளிகைக் கதையில் இந்தியாவிலிருந்து செல்வத்தோடு திரும்பும் உறவினர் வரலாம். அந்தச் செல்வம் வந்த வழி வராது.

நம் கதைகளும் இதற்கு விலக்கல்ல. அரண்மனைச் சதிகளையும் இளவரசியரின் மனத்தையும் அறிந்த அளவுக்கு, அந்த அரண்மனைக்கு நெல் விளைவித்தவரையும், குதிரைச் சேணத்துக்குத் தோல் பதனிட்டவரையும் நாம் அவற்றில் அறிவதில்லை. ஐரோப்பியர் அணியும் காலணிகளின் மேற்பகுதியை ஆண்டுக்கணக்கில் தைத்த என் அத்தையைப் போன்ற ஒருவர், தான் ஓயாமல் படிக்கும் கதைக்குள் ஓரமாகக்கூட இல்லை. இதை அவரிடம் சொன்னேன். “எட்டு மணி நேரம் அந்த வேலையைத்தானே பார்த்தேன், வீட்டுக்கு வந்தும் அதையே படிக்க வேண்டுமா?” என்று கேட்டார்.

அவர் கேள்வி நியாயமானது. உழைத்துக் களைத்தவர் தம் ஓய்வுநேரத்தில் எதை வாசிக்க வேண்டுமென்று கட்டளையிட விமர்சகருக்கு உரிமையில்லை. ஆறுதல் வாசிப்பை மலிவான ரசனை என்று ஒதுக்குவோர், அந்த ஆறுதல் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதேசமயம், கதை தந்த நிம்மதியை வரலாறு தந்த சான்றாக எண்ணிவிடக் கூடாது. பொற்காலம் என்று நாம் ஏங்கும் காலத்திலும் யாரோ ஒருவர் இரவெல்லாம் தைத்துக்கொண்டிருந்தார். அவரையும் எண்ணிக்கொண்டு வாசிப்பதால் வந்தியத்தேவனின் குதிரை ஒன்றும் வேகம் குறைந்துவிடாது.