நிற்கும் லாரியிலும் விபத்து உண்டு

லாரி விபத்து என்றால் நமக்கு நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். நம் கடை வாசலில் நிற்கும் லாரியின் மேலிருந்து டிரைவர் விழுந்தால் அதை விபத்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "கால் தவறிவிட்டது" என்று சொல்லி, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

லாரித் தளமே தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி. மூட்டை அடுக்கிப் படுதா போட்டால் 10, 12 அடி ஆகிவிடும். சரக்கை இறக்குவது லோடுமேன்கள். படுதா விரிப்பதும் கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும் பெரும்பாலும் டிரைவர், கிளீனர் தலையில்தான். முன்பு சணல் சாக்கு. காலுக்குப் பிடிப்பு இருந்தது. இப்போது மிகுதியாக வருவது பிளாஸ்டிக் சாக்கு. கொஞ்சம் நனைந்தாலும் பாசி படிந்த படித்துறைதான். கயிறு இறுக வேண்டுமென்று உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். வெயிலில் நைந்த நைலான் கயிறு அறுந்தால் ஆள் மல்லாந்து விழுவார். கை ஊன்றவும் நேரமிராது.

எங்கள் கிடங்கு வாசலில் நடந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். கலபுரகியிலிருந்து (நமக்கு இன்றும் அது குல்பர்காதான்) துவரம் பருப்பு லோடு வந்திருந்தது. பாதி இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. "சீக்கிரம் படுதாவை இழுத்து மூடுப்பா" என்று சத்தம் போட்டவர்கள் நாங்கள்தான். இரண்டு இரவு கண் விழித்து வந்த மனிதர், டயரில் கால் வைத்து ஏறி, மூட்டை மேல் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. லாரி உரிமையாளர் "உங்கள் வாசலில் விழுந்தார்" என்றார். நாங்கள் "உங்கள் ஆள்" என்றோம். இந்தப் பேச்சு முடிவதற்குள் அவருடைய சம்சாரம் நகையை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டிவிட்டது. எங்கள் ஏணி அன்று கிடங்குக்குள் பூட்டிக் கிடந்தது.

வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேரும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. வண்டி ஓடினால்தான் வேலை, நின்றால் இல்லை என்று அதில் சொல்லவில்லை. டிரைவருக்கு முதலாளி லாரி உரிமையாளர்தானே என்று நாம் ஒதுங்கலாம். ஆனால் அன்று அவசரப்படுத்தியது யார்?

இப்போது ஏணியை வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறோம். வண்டி வந்ததும் டிரைவர் டீ குடித்து, கொஞ்சம் அசந்த பிறகே படுதா அவிழ்ப்பது. கயிறு இழுக்கும்போது கீழே ஒரு லோடுமேன் நின்று கவனிப்பார். மழை வந்தால், இறக்கிய மூட்டையைத்தான் முதலில் மூடுவோம். லாரி மேல் யாரும் ஏறுவதில்லை. இதில் இரண்டு மூட்டை நனைந்ததும் உண்டு. ஏணி களவு போகாதா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். சங்கிலி போட்டிருக்கிறோம். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது; லாரி இரவு 2 மணிக்கு வந்தாலும் எடுத்துக் கொடுப்பார்.