பழுது பார்ப்பவர் எங்கே?

எங்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவன் ஒருவனுடைய பாட்டியாரை, முதுகுத்தண்டு வலிக்காக நகரின் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றார் மருத்துவர். இயந்திரமோ பழுது. "மும்பையிலிருந்து ஆள் வர வேண்டும், நான்கு நாள் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என எத்திசை நோக்கினும் ஸ்கேன் மையங்கள் நிறைந்திருக்கும் இச்சென்னையில்தான் இந்த நிலை!

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் உள்ளே திரவ ஹீலியம் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில் அது காந்தத்தைக் காத்து நிற்கிறது. அக்குளிர் குன்றாதிருக்க, நோயாளி இல்லாத இரவிலும் குளிர்நீர்க் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது நின்றுபோய், எவரும் கவனியாது விட்டால் ஹீலியம் ஆவியாகத் தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் அவ்வாயுவின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அருகிலேயே விவரமறிந்த ஒருவர் இருந்திருந்தால் சிறு கோளாறோடு முடிந்திருக்கும்.

படமெடுப்போருக்கு நம் நகரில் பழைய பாரம்பரியம் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934லேயே திறக்கப்பட்டது. ஆனால் படமெடுப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு. இரண்டாவது தொழிலைப் பெற்றோர் பலரும் கேள்விப்பட்டதேயில்லை. 2015இல் மத்திய அரசு மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலங்களில் 13 முதல் 34 விழுக்காடு வரை கருவிகள் செயலற்றுக் கிடந்ததாகக் கணக்கிட்டார்கள். கருவி வாங்க நன்கொடை தரும் தனவந்தர்கள், அதைப் பேணுபவனின் சம்பளத்திற்கும் தருகிறார்களா?

பயின்றவர்களும் நிலைப்பதில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் நிறுவனத்திடம் இருக்கும். கருவியைத் திறந்து பார்க்கும் கடவுச்சொல்லும் அங்கேதான். மருத்துவமனையில் இருக்கும் வாலிபருக்குத் தொலைபேசியில் புகார் சொல்வதே வேலையாகிறது. கை பழகாது, ஊதியமும் உயராது. பிறகு துபையோ ரியாதோ அழைத்தால் போகாமல் என்ன செய்வார்? வாங்கும்போதே "எங்கள் ஆளுக்கும் பயிற்சி தர வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் மருத்துவமனைகள் இத்துன்பத்தில் பாதியைத் தவிர்க்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யும், வேலூர் சி.எம்.சி.யும், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையமும் இணைந்து மருத்துவமனைப் பொறியியலில் மேற்படிப்பு நடத்துகின்றன. அத்தனை தூரம் செல்ல இயலாதவர்க்குப் பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. நம் ஜமாஅத்துகளின் கல்வி உதவிப் பட்டியலில் மருத்துவமும் கணினியும்தான் முதலிடம் பெறுகின்றன. டிப்ளமோ என்றால் சற்று முகம் சுளிக்கிறோம். பெண்மக்களுக்கும் இது ஏற்ற துறையே.

பாட்டியாருக்கு ஆறாம் நாள்தான் ஸ்கேன் எடுத்தார்கள். மும்பையிலிருந்து வந்து சரிசெய்தவர் சுத்தமான சென்னைத் தமிழ் பேசினாராம். இராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவராம்.