மூழ்கிய நீர்யானை எங்கே போகும்?

தெற்கு சூடானில் வெள்ளை நைலும் சோபாட் ஆறும் பாயும் சமவெளியில் வாழ்பவர்கள் நூயர் மக்கள். அவர்களுக்கு மாடுதான் எல்லாம். 1930களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட், எதைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு கடைசியில் மாட்டில் போய் முடிகிறதே என்று அலுத்துக்கொண்டார்!

மழைக்காலத்தில் சமவெளி முழுக்க வெள்ளக்காடு. மழை நின்றதும் புல் காய்ந்துவிடும். அப்போது மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரம் வந்து குடில் போடுவார்கள். கோடையில் பால் குறையும். ஆனால் ஆறு வற்றி, மீன்கள் குட்டைகளில் ஒடுங்கிக் கிடக்கும். பால் விட்ட குறையை ஆறு தீர்த்துவைக்கும்.

'தண்ணீருக்குள் மீன் இருக்கும் இடம் வேறு, தெரியும் இடம் வேறு; ஒளிவிலகல்' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடம் இங்கே அதிகம் உதவாது. கலங்கிய நீரில் மீனே கண்ணுக்குத் தெரியாதே! அதனால் பாசியும் புல்லும் அடர்ந்த இடமாகப் பார்த்து, ஈட்டியால் குத்திக் குத்தித் துழாவிக்கொண்டே போவார்கள்.

நீர்யானை வேட்டையில் இது பலிக்காது. ஆண் நீர்யானை 1,500 கிலோ இருக்கும். அதன் தோல் சில இடங்களில் 5 செ.மீ. தடிமன். கோபம் வந்தால் படகையே கவிழ்த்துவிடும். அதற்காக நைல் கரை மக்கள் கண்டுபிடித்த கருவியைப் பாருங்கள். இரும்பு முனையில் கொக்கி போன்ற முள் இருக்கும். முனை பிடிக்கம்பில் தளர்வாகத்தான் செருகியிருக்கும். எறிந்ததும் முனை உடலில் தைத்து நிற்க, கம்பு தனியே கழன்றுவிடும். கழலாவிட்டால்? விலங்கு புரளும்போது நீண்ட கம்பு நெம்புகோலாகி, முனையைப் பிடுங்கி எறிந்துவிடும்.

முனையில் கட்டிய கயிற்றின் மறுநுனியில் ஒரு மிதவை. அது அம்பாட்ச் என்ற சதுப்புச் செடியின் தண்டு. தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிறார்களே, அந்த நெட்டிக்கு நெருங்கிய உறவு இது. காற்று நிறைந்த தண்டு என்பதால் மூழ்காது. நீர்யானை 5 நிமிடம் வரை மூச்சடக்கி அடியில் நடக்கும். மேலே மிதவை நகர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

மிதவையைப் பின்தொடர்ந்து குத்திக் கொன்றதும் நீர்யானை மூழ்கிவிடும், ஏனென்றால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம். ஆனால் வயிற்றில் புல்லை நொதிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அதன் பிறகும் வேலையை நிறுத்துவதில்லை. வாயு சேர்ந்து வயிறு உப்பும். சில மணி நேரத்தில் உடல் தானே மேலே வந்துவிடும். காத்திருந்து கயிறு கட்டிக் கரைக்கு இழுக்க வேண்டியதுதான்.

அடுத்து நேரத்தோடு போட்டி. சுட்டெரிக்கும் வெயிலில் அவ்வளவு கறியும் சீக்கிரம் கெட்டுவிடும். சாப்பிட்டது போக மிச்சத்தை நம் ஊர் உப்புக்கண்டம் போல மெல்லிய கீற்றுகளாக அரிந்து கொடியில் தொங்கவிட வேண்டும். கீற்று மெலிய மெலியக் காற்று படும் பரப்பு கூடும். ஈரம் சட்டென்று போகும். ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருக முடியாது. மீனையும் இப்படித்தான் பிளந்து காயவைப்பார்கள்.

தோலையும் விடுவதில்லை. அதைச் சாட்டைக்கும் வாருக்கும் ஈரத்தோடு இருக்கும்போதே கீறிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும், கத்தி இறங்காது.